சான்றும் சலசலப்பும்

கண்ணுக்குத் தெரியாதவற்றை மனிதன் அறிந்துகொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, அவை விட்டுச் சென்ற சுவடு. மற்றொன்று, அவற்றை அறிந்தவர் உரைக்கும் செய்தி. மணலில் பதிந்த அடியைக் கண்டு ஒட்டகம் ஒன்று இவ்வழியே போயிற்று என உணர்வது முதல் வழி. நேரில் கண்டவர் கூறக் கேட்டு, கூறியவரின் வாய்மையை எடைபோட்டு ஏற்பது இரண்டாம் வழி. அரபி மொழியில் ‘அதர்’ எனும் சொல் அடிச்சுவட்டையும் குறிக்கும். முன்னோர் வழியாக நம்மை வந்தடைந்த செய்தியையும் குறிக்கும். ஹதீதுக் கலையைத் தொடங்கும் மாணவர்க்கு இச்சொல்லை விளக்கும்போது, பழந்தமிழிலும் ‘அதர்’ என்றொரு சொல் உண்டு, அதற்கு வழி என்பது பொருள் என நாம் சேர்த்துச் சொல்வது வழக்கம். வேர் வேறான சொற்கள்தாம் அவை. ஆயினும் சுவடு, செய்தி, வழி என்னும் மூன்றும் மாணவன் நெஞ்சில் ஒருங்கே பதிந்துவிடும்.

இவ்விரு வழிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் தேவை அண்மையில் நமக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் கைப்பேசியில் வந்த ஒரு செய்தி.

வாசக நேயர்களில் பலர் அதைக் கண்டிருப்பீர்கள். பல ஆண்டுகளாக அது வருவதும் மறைவதுமாக இருக்கிறது. இன்றிரவு பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகே கடந்து செல்கின்றன. கைப்பேசியை அணைத்து உடலைவிட்டு எட்ட வையுங்கள். சிங்கப்பூர்த் தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமும் பி.பி.சி.யும் உறுதி செய்துவிட்டன; உற்றார் அனைவர்க்கும் அனுப்புங்கள் என்பது அதன் சாரம். எந்த நாள் என்று அதில் இராது. ஆகவே அது வந்து சேரும் ஒவ்வோர் இரவும் ‘இன்றிரவு’தான்!

காஞ்சியில் நம் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சரிகை வாங்கி விற்றுப் பிழைத்தவர். ஐவேளையும் பள்ளிக்கு வருபவர். ஆர்க்காட்டில் நோயுற்றிருந்த தம் தமக்கையாரின் நலத்தை நாள்தோறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இரவு இந்தச் செய்தி வந்தது. அதற்கு முன்னரே உறவினர் மூவரும் அதை அனுப்பியிருந்தனர். இத்தனை பேர் பொய்யா சொல்வார்கள் என்று எண்ணிக் கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உறங்கினார். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து அதைத் திறந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து ஆறு முறை அழைத்திருந்தார்கள். தமக்கையார் கண்மூடும் முன் தம்பியின் குரலைக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெரியவர் அடக்கத்திற்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் கேட்கப்பட்ட அந்தக் குரலை அவரால் இனிக் கொடுக்க முடியாது.

நாற்பது நாள் கழித்து அவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், அன்றைக்கு அந்தக் கதிர் வந்ததா, இல்லையா?” என்று கேட்டார்.

நாம் அரபியும் தமிழும் ஓதியவர். இயற்பியல் நம் துறையன்று. எனினும், அந்தக் கேள்விக்கு ‘எல்லாம் கற்பனை’ என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்ப மனம் ஒப்பவில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரை நாடினோம். அவர் தந்த நூல்களைப் பொறுமையாகப் படித்தோம். படித்து அறிந்ததையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

அன்றிரவு கதிர் வந்தது. ஆம், வந்தது! பன்னிரண்டரைக்கு முன்னும் வந்தது. மூன்றரைக்குப் பின்னும் வந்தது. நேயர்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் வந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால், அதன் வழியே விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் ‘மியூவான்’ எனும் நுண்துகள் ஊடுருவிச் செல்கிறது. நம் பாட்டனாரின் கையிலும் அவ்வாறே சென்றது. கைப்பேசியைத் திறந்து வைப்பதும் அணைத்து வைப்பதும் அதற்கு ஒன்றே.

இதை முதன்முதல் உறுதி செய்தவர் விக்டர் ஹெஸ் எனும் ஆஸ்திரிய அறிஞர். 1912-ஆம் ஆண்டில் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கு மேல் சென்று அளந்து பார்த்தார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு பெருகிற்று. எனவே அது மண்ணிலிருந்து எழுவதன்று, விண்ணிலிருந்து இறங்குவது என்று கண்டார். இதற்காக 1936-இல் நோபல் பரிசு பெற்றார். ‘கதிர்’ என்பது பழகிப்போன பெயரேயன்றி, வருபவை பெரும்பாலும் அணுக்கருக்கள். அவற்றுள் மிகுதியானது புரோட்டான்.

அத்தகைய துகள் ஒன்று பேராற்றலோடு வந்து வளிமண்டலத்தின் உச்சியில் மோதினால், அதிலிருந்து பல துகள்கள் தெறிக்கின்றன. அவை மேலும் மோதி மேலும் பலவாகின்றன. தரையை நெருங்கும்போது கோடிக்கணக்கான துகள்கள் ஒரு மெல்லிய தட்டுப்போலப் பரந்து, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இறங்குகின்றன. இதைத் துகள் மழை என்பர். 1938-இல் பியேர் ஓஜே எனும் பிரெஞ்சு அறிஞர் ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைத்த கருவிகள் ஒரே கணத்தில் உயிர்பெறுவதைக் கண்டு, இவை தனித்தனியே வந்தவை அல்ல, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உணர்ந்தார்.

1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட கிரிக்கெட் பந்தின் ஆற்றலுக்கு நிகர். அணுவினும் சிறிய ஒன்றில் அவ்வளவு விசை! ஆனால் இத்தகையவை மிக அரியவை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் நூறாண்டு காத்திருந்தால் ஒன்று விழலாம். மனித ஆயுளுக்குள் சிலவற்றையேனும் காண வேண்டுமாயின் நிலப்பரப்பைப் பெருக்க வேண்டும். இதற்கென ஆர்ஜென்டினாவில் பியேர் ஓஜேயின் பெயரால் நிறுவப்பட்டுள்ள ஆய்வுக்கூடம் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. அங்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 1,600-க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. துகள் தண்ணீரில் புகும்போது எழும் சிற்றொளியை அவற்றுள் இருக்கும் கருவிகள் பார்க்கின்றன.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தமிழகத்தின் உதகமண்டலத்திலேயே இத்தகைய காவல் ஒன்று நடந்துவருகிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய அறிஞர்களோடு இணைந்து நடத்தும் ‘கிரேப்ஸ்-3’ எனும் ஆய்வுக்கூடம் அது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டர் பரப்பில், எட்டு மீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 400 கருவிகள் அமர்ந்திருக்கின்றன. அருகே தடித்த கான்கிரீட் கூரையின் கீழ் 560 சதுர மீட்டரில் மியூவான்களை மட்டும் எண்ணும் அமைப்பு உள்ளது. நாளொன்றுக்கு அது எண்ணுபவை ஏறக்குறைய 400 கோடி. 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே ஓர் இடிமேகம் திரண்டபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவை வைத்துக் கணக்கிட்டு, அம்மேகத்துள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென 2019-இல் வெளியிட்டார்கள். மேகத்துக்குள் எவரும் போகவில்லை; அது விட்ட சுவட்டைப் படித்தார்கள்.

அதே உதகையில் மலைச்சரிவு ஒன்றில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் எனும் அறிஞரின் தலைமையில் நம் நாட்டவரே வடிவமைத்து 1970-இல் இயக்கியது. 1,056 சிறு ஆன்டெனாக்கள் அதன் செவிகள். நெடுந்தொலைவிலுள்ள வானொலி மூலம் ஒன்றைச் சந்திரன் மறைக்கும் கணத்தைக் குறித்து, அதன் இடத்தையும் அளவையும் அறிவது அதன் தொடக்ககாலப் பணி. அத்தொலைநோக்கி விண்மீன்களைக் கேட்பது. அருகிலுள்ள கருவிக்கூட்டம் துகள்களை எண்ணுவது. துகள் மழையையே ஆன்டெனாக்களால் கேட்க முடியுமா? முடியும் என்பதே இக்காலத்தின் விந்தை.

துகள் மழையில் எதிர்மின் கொண்ட எலக்ட்ரான்களும், நேர்மின் கொண்ட பாசிட்ரான்களும் நிறைந்துள்ளன. பூமியின் காந்தப்புலம் அவற்றுள் ஒன்றை ஒரு பக்கமும், மற்றொன்றை எதிர்ப்பக்கமும் வளைக்கிறது. அதனால் இறங்கிவரும் அந்தத் தட்டின் குறுக்கே ஒரு மின்னோட்டம் பிறக்கிறது. மேலும் வழியிலுள்ள காற்றணுக்களின் எலக்ட்ரான்களையும் மழை தன்னோடு வாரி வருவதால், எதிர்மின் சற்று மிகுகிறது. இதனை 1962-இல் சோவியத் அறிஞர் அஸ்காரியன் முன்கூட்டிச் சொன்னார். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நொடிப்பு வானொலி அலையை எழுப்புகின்றன. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பகுத்து, அவற்றுள் சில பத்துப் பங்குகளே அது நீடிக்கும். 1965-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க்கில் 44 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முதன்முதல் அது கேட்கப்பட்டது. துகள் கருவிகள் ஏறத்தாழ 4,500 முறை மழை வந்ததென அறிவித்தும், ஐயமின்றி வானொலி நொடிப்புத் தெரிந்தது 11 முறைதான்.

பின்னர் அம்முயற்சி நெடுங்காலம் கிடப்பில் போடப்பட்டது. அக்காலக் கருவிகளுக்கு அவ்வளவு விரைவு இல்லை. மனிதன் எழுப்பும் இரைச்சலோ மிகுதி. மின்கம்பி, ஊர்தி, ஒலிபரப்பு நிலையம், விமானம் என எல்லாம் ஆன்டெனாவில் வந்து சலசலக்கின்றன. கணினியின் வளர்ச்சியால் 2005-ஐ ஒட்டி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் அது மீண்டும் உயிர்பெற்றது. நெதர்லாந்தில் 2010-இல் திறக்கப்பட்ட ‘லோஃபார்’ எனும் தொலைநோக்கியில் பெரிய கிண்ணம் எதுவும் இல்லை. புல்வெளியில் நட்ட கம்பங்களும் அவற்றிலிருந்து சாய்ந்து இறங்கும் கம்பிகளுமே அதன் தாழ்நிலை அலைகளுக்கான ஆன்டெனாக்கள். ஆயிரக்கணக்கில் அவை நிற்கின்றன. ஒவ்வொன்றும் தான் கேட்டதைச் சில விநாடிகள் நினைவில் வைத்திருக்கும். அந்நிலத்திலேயே வைக்கப்பட்ட துகள் கருவிகள் மழை விழுந்தது என்று சொன்ன உடன், எல்லா ஆன்டெனாக்களின் நினைவேடும் ஒருங்கே புரட்டப்படும். ஆர்ஜென்டினாவிலும் இப்போது தண்ணீர்த் தொட்டிகளின் மேல் வானொலி ஆன்டெனாக்களைப் பொருத்தியுள்ளனர்.

இங்கேதான் நம் நெஞ்சைத் தொட்ட செய்தி இருக்கிறது. ஓர் ஆன்டெனா மட்டும் நொடிப்பைக் கேட்டால் அதை அவர்கள் ஏற்பதில்லை. பல கேட்டாலும் உடனே ஏற்பதில்லை. எந்த ஆன்டெனா எப்போது கேட்டது என்று பார்க்கிறார்கள். வானொலி அலை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கிற்குள் ஓர் அடி தூரம் செல்கிறது. அலை சாய்வாக இறங்கினால் ஒரு பக்கத்து ஆன்டெனா முன்னும், மறுபக்கத்து ஆன்டெனா பின்னும் கேட்கும். அந்த முன்பின் ஒழுங்கிலிருந்தே அது வந்த திசையை அறிகிறார்கள். காஞ்சியில் மாலை வேளையில் கண்ணை மூடி நின்றால், பெரிய காஞ்சிபுரத்துக் கோயில் மணி எந்தப் பக்கம் ஒலிக்கிறது, பாங்கோசை எப்பள்ளியிலிருந்து முதலில் எட்டுகிறது என்று நம் இரு செவிகளே சொல்லிவிடுகின்றன அல்லவா? அதுபோன்றது இது. ஒழுங்கு வானை நோக்கினால் அது சான்று. அடிவானத்து மின்கம்பியையோ பறந்துபோகும் விமானத்தையோ நோக்கினால் அது சலசலப்பு. ஆயிரம் ஆன்டெனாக்கள் கேட்டிருந்தாலும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆன்டெனாக்களின் நம்பகத்தையும் அவர்கள் சும்மா விடுவதில்லை. அளவு தெரிந்த ஒலியை எழுப்பி, ஒவ்வொன்றும் கூட்டாமல் குறைக்காமல் கேட்கிறதா எனச் சோதிக்கிறார்கள். நம் பால்வீதி ஓயாது எழுப்பும் வானொலி இரைச்சலையும் உரைகல்லாகக் கொள்கிறார்கள். இதைப் படித்தபோது ஹதீது அறிஞர்களின் நினைவு வராமல் இருக்குமா? அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றல், நேர்மை, யாரைச் சந்தித்தார், எவ்வாண்டில் மறைந்தார் என்றெல்லாம் துருவி ஏடேடாக எழுதிவைத்த பெருமக்கள் அவர்கள். காஞ்சியில் சரிகையைக்கூட உரசி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்தே வாங்குகிறோம். சரிகைக்கு உள்ள உரைகல் செய்திக்கு வேண்டாமா?

‘முதவாத்திர்’ என்னும் வகைச் செய்தியை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். பொய்யில் ஒன்றுகூடுவது வழக்கத்தில் இயலாத அளவிற்குப் பலர், ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவித்த செய்தி அது. பலர் என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அறிஞர்கள் அதோடு நிற்கவில்லை. தொடரின் முடிவு, கண்டேன், கேட்டேன் எனும் நேரடிப் புலனறிவில் நிற்க வேண்டும் என்றார்கள். பிற்காலத்தில் நூறு பேர் சொன்னாலும், தொடரைப் பின்னோக்கிச் சென்றால் நடுவில் ஒரே ஒருவரிடம் போய் முடியுமானால், அது ஒருவரின் செய்தியே என்றார்கள். அந்த ஒருவர் நம்பகமானவரானால் ஏற்கலாம். ஆனால் நூறு பேரின் கனத்தை அதற்குக் கொடுக்கலாகாது.

பிறை விவகாரத்தில் இதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ரமலான் பிறை கண்டதாக ஒருவர் வந்து சொன்னால், ஊர்ப் பெரியோர் முதலில் கேட்பது, “நீர் கண்டீரா, கண்டவர் சொல்லக் கேட்டீரா?” என்பதுதான். கண்டேன் என்றால், எத்திசையில், எந்தச் சாய்வில் என்று கேட்பார்கள். கண்டதாகச் சொன்னார்கள் என்று ஐம்பது பேர் வந்தாலும், ஐம்பது பேரும் ஒரே திண்ணையில் கேட்டதாயிருப்பின், அந்தத் திண்ணைக்காரரையே தேடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பிறைக்காகக் காட்டும் இந்த விழிப்பை மற்ற நாள்களில் நாம் எங்கே வைத்துவிடுகிறோம்?

நம் தெருப் பெரியவரிடம் இதையே சொன்னோம். “உங்களுக்கு அனுப்பிய மூவரும் பொய்யர் அல்லர்; அன்புடையவர்கள். ஆனால் மூவரில் ஒருவரும் எதையும் தாமே காணவில்லை. மூன்று ஆன்டெனாக்கள் அன்று, ஒரே இரைச்சல் மூன்று கம்பிகளில் ஓடியது” என்றோம். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “அதை நானும் பதினோரு பேருக்கு அனுப்பினேனே” என்றார். நாம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே அவர் அப்பதினொருவரையும் ஒவ்வொருவராக அழைத்து, செய்தி தவறு என்று தம் வாயாலேயே கூறினார். செய்தியைப் பரப்புகிறவர் பலர்; பரப்பியதைத் திரும்பப் பெறுகிறவர் சிலர். கேட்டதையெல்லாம் ஆராயாமல் பிறருக்குச் சொல்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பொய்யோடு சேர்த்து எச்சரித்திருப்பதை அறிந்த சமுதாயம் நாம்.

இதனோடு மற்றொன்றையும் கூற வேண்டும். இதே கைப்பேசி வழியே வேறொரு வகைச் செய்தியும் வருகிறது. ‘அத்தாரிக்’ அத்தியாயத்தில் இறைவன் சத்தியமிட்டுக் கூறும், இரவில் வந்து இருளைத் துளைக்கும் ஒன்று இந்தக் காஸ்மிக் கதிரே என்றும், அறிவியல் இப்போதுதான் திருமறையைக் கண்டுகொண்டது என்றும் அது பேசுகிறது. மாணவர் ஒருவர் மகிழ்ச்சியோடு அதை நம்மிடம் காட்டினார். விரிவுரையாளர்கள் அதை இருளைத் துளைத்து ஒளிரும் விண்மீன் என்று விளக்கியுள்ளார்கள். அதற்கு மேல் துகள் ஒன்றின் பெயரை அதில் ஏற்றும் உரிமையை நமக்கு யார் தந்தது? அத்துகள்கள் இரவில் மட்டும் வருவனவும் அல்ல. ஆய்வாளர் நாளை தம் முடிவைத் திருத்திக்கொள்வர். திருத்திக்கொள்வதே அவர்களுக்கு அழகு. அவர்கள் திருத்தும்போதெல்லாம் திருமறையின் விளக்கத்தையும் நாம் இழுத்துக்கொண்டு ஓடுவதா? வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு கட்டளை இருக்கிறது, அதைச் செய்வோம். தெளிவில்லாததை இறைவனின் பெயரால் சொல்வது, தெளிவில்லாததைச் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் பெயரால் சொல்வதைவிடப் பன்மடங்கு பெரிய பிழை அன்றோ?

அவ்வாய்வாளர்கள் தம் அறியாமையை மறைக்காமல் வைத்திருக்கும் முறையும் கற்கத்தக்கது. மிகுந்த ஆற்றலுடைய துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இன்றும் விடை காணப்படாத கேள்வி. வெளியில் உள்ள காந்தப்புலங்கள் அவற்றை வளைத்துவிடுவதால், வந்த திசையே பிறந்த திசை எனக் கொள்ள முடிவதில்லை. 2021 மே 27 அன்று யூட்டா பாலைநிலத்தில் அத்தகைய பெரும் துகள் ஒன்றின் மழை விழுந்தது. 23 கருவிகள் தனித்தனியே சான்று பகர்ந்தன. திசையைக் கணக்கிட்டுப் பின்னோக்கிப் பார்த்தபோது, விண்மீன் கூட்டங்கள் மிக அரிதாயுள்ள ஒரு வெற்றிடமே தெரிந்தது. இரண்டாண்டுகள் ஆராய்ந்து 2023-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். துகள் வந்தது உறுதி, அதன் ஆற்றல் இவ்வளவு, எங்கிருந்து வந்ததென இன்னும் தெளிவில்லை என்பதே அவ்வறிவிப்பின் சாரம்.

நம் இமாம்கள் தீர்ப்புரைகளின் இறுதியில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதுவார்கள்; இறைவனே நன்கறிந்தவன் என்பது அதன் பொருள். அதை அவர்கள் முதல் வரியில் எழுதிவிட்டு ஏட்டை மூடவில்லை. மூலங்களைத் தேடி, அறிவிப்பாளரை எடைபோட்டு, மாறான கருத்துகளையும் பதிந்து, தம்மால் இயன்ற அனைத்தையும் செய்து முடித்த பின்னர், கடைசி வரியாக எழுதினார்கள். உதகை மலையிலும் நெதர்லாந்துப் புல்வெளியிலும் இரவுபகலாய் விழித்திருக்கும் கருவிகளின் பின்னே அமர்ந்திருப்போரிடமும் அந்த ஒழுங்கையே காண்கிறோம். மதரஸாவின் இவ்வாண்டு வகுப்பில், ஹதீதுக் கலையின் தொடக்கப் பாடத்தில் ‘முதவாத்திர்’ வரும் நாளன்று, கரும்பலகையில் புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியும் எப்போது கேட்டது என்று எழுதி, வந்த திசையை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னோம். அவர்களுள் இளையவர் ஒருவர், ஒழுங்கில் சேராத ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டி, இவர் பிறர் சொல்லக் கேட்டவர் போலிருக்கிறது என்றார்.